இரவு இரண்டு மணிக்குத் திறந்த கவுன்ட்டர்

2007ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இயக்ககத்தில், தேர்வுப் பிரிவில் நான் உதவியாளராக இருந்தேன். கம்பி போட்ட கவுன்ட்டர், எனக்கு எதிரே வரிசை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணத்துக்கான டிடியை (வங்கி வரைவோலையை) தவறான பெயரில் எடுத்திருப்பார்கள், அல்லது ஹால் டிக்கெட் நகல் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய விஷயத்துக்காக ஒருவர் ராமநாதபுரத்திலிருந்து வந்து திரும்பிப் போவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பிய இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "பசங்க எல்லாம் ஆர்க்குட்னு ஒண்ணுல இருக்காங்களாம். செகண்ட் லைஃப்னு இன்னொண்ணு, அதுல வெளிநாட்டு யுனிவர்சிட்டி எல்லாம் கட்டடமே கட்டியிருக்காம். நீங்க கொஞ்சம் பார்த்து ஒரு நோட் போடுங்கம்மா" என்றார். தேர்வு முடிவுகளை இணையத்தில் ஏற்றும் வேலையை அதற்கு முன் நான் செய்திருந்தேன். என்னைத் தேர்ந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அலுவலகக் கணினியில் இரண்டுமே திறக்காது. வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இருந்தது. அப்போது பகலில் பார்ப்பதற்கெல்லாம் அளவுக் கணக்கு உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை கணக்கில் வராது. அதனால் அலாரம் வைத்து எழுந்து இரண்டு மணிக்கு உட்காருவேன். காலையில் பால் வரும்வரை அதுதான் என் ஆராய்ச்சி நேரம்.

முதலில் ஆர்க்குட். கூகிளில் வேலை பார்த்த ஆர்க்குட் புயுக்கொக்டன் என்பவர் உருவாக்கி, 2004 ஜனவரியில் வெளிவந்த சமூக வலைத்தளம் அது. பிரேசிலிலும் நம் நாட்டிலும்தான் அதற்கு அவ்வளவு கூட்டம். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினேன். அந்தப் பெயரில் ஏழெட்டுக் குழுமங்கள் இருந்தன. ஒன்றைக்கூடப் பல்கலைக்கழகம் தொடங்கவில்லை. எல்லாம் மாணவர்களே ஆரம்பித்தவை, எங்கள் முத்திரையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்ப் படித்தால், என் கவுன்ட்டர் வரிசை அப்படியே அங்கே நின்றுகொண்டிருந்தது. "புரொவிஷனல் எப்ப வரும்?" "மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன?" "ரெண்டாம் வருஷ அரியரை மூணாம் வருஷத்தோட சேர்த்து எழுதலாமா?" ஒரு கேள்விக்குக் கீழே நாலு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் சரி, இருவர் பாதி சரி. நாலாவது ஆள், பணம் கொடுத்தால் அரியரைப் பாஸ் போட்டுத் தருவதாகச் சொல்லிச் செல்போன் எண் கொடுத்திருந்தார்.

அந்த நாலாவது பதிலைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் இல்லாத இடத்தில் நம் பெயரில் யார் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

ஆனாலும் உடனே எழுதத் தொடங்கவில்லை. ஒரு வாரம் படிக்க மட்டும் செய்தேன். இதே வேலையில் புதிதாக இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். எந்தத் தளமாக இருந்தாலும் முதல் வாரம் வாயைத் திறக்காதீர்கள். ஒரு நீள நோட்டு வாங்கி, யார் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். என் நோட்டில் பக்கம் நிறைய நிறையத் தெரிந்தது, நூற்றுக்கணக்கான பேர் கேட்டாலும் கேள்விகள் திரும்பத் திரும்ப இருபதுக்குள்தான். அந்த இருபதில் பாதி, எங்கள் சுற்றறிக்கைகளின் மொழி புரியாததால் வந்தவை. "உரிய படிவத்தில் உரிய கட்டணத்துடன் உரிய காலத்துக்குள்" என்று எழுதிவிட்டு எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எந்த நாள் என்று நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு தவறும் செய்தேன். ஒரு மாணவர் தன் பட்டச் சான்று தொலைந்துவிட்டதாக எழுதியிருந்தார். யாரென்று தெரிந்துகொள்ள அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆர்க்குட்டில் நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் வசதி இருந்தது. என் பக்கத்தில் வேலை செய்யும் இடத்தையும் போட்டிருந்தேன். மறுநாள் அவர் எனக்கு ஸ்கிராப் (ஆர்க்குட்டில் செய்திக்கு அதுதான் பெயர்) அனுப்பியிருந்தார்: "மேடம், நீங்க யுனிவர்சிட்டி ஸ்டாஃபா? நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?" குழுமத்தில் கேட்டிருந்த கேள்வியையும் அழித்துவிட்டார். அவருக்கு உதவ நினைத்துப் போய், வீட்டு வாசலில் அதிகாரி வந்து நின்றதுபோல் அவரைப் பயமுறுத்திவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எந்த மாணவரின் சொந்தப் பக்கத்தையும் நான் திறந்ததில்லை. நட்பு அழைப்பு அனுப்பியதும் இல்லை. அவர்கள் அனுப்பினால், "கேள்வியைக் குழுமத்தில் கேளுங்கள், அங்கே கண்டிப்பாகப் பதில் சொல்கிறேன்" என்று எழுதிவிடுவேன். கேள்வி கேட்ட இடத்திலேயே பதில் சொன்னால் போதும். அவர்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

அப்புறம் பதில் சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் எழுதுவதே ஒரு பாடு. அலுவலகச் சுற்றறிக்கைகள் வானவில் எழுத்துருவில் இருக்கும். அதை எடுத்து ஆர்க்குட்டில் ஒட்டினால் ஏதோ குறியீடுகளாக வரும். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொண்டு, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். (2010இல் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, மற்றவர்களைவிட நான் அதிகம் மகிழ்ந்திருப்பேன்.) மாணவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசினார்கள். நான் தமிழ் எழுத்தில் பதில் சொன்னேன். யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாவது மாதத்தில் பெரிய தவறு நடந்தது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று பலர் கேட்டார்கள். கையெழுத்துக்குப் போயிருந்த வரைவில் நான் பார்த்த தேதியைச் சொல்லிவிட்டேன். சுற்றறிக்கை வெளியானபோது தேதி ஐந்து நாள் முன்னால் வந்திருந்தது. என் பேச்சை நம்பியிருந்த சிலர் அபராதத்தோடு கட்ட வேண்டியதாயிற்று. அலுவலகம் எனக்கு மெமோ கொடுத்தது. மெமோவுக்கு விளக்கம் எழுதிவிட்டேன். ஆனால் கட்டட வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. படித்த ஒருவர் "பரவால்ல மேடம்" என்று எழுதியிருந்தாரே, அதைப் படித்ததும்தான் அழுகை வந்தது. அந்த அபராதத் தொகை அவருக்கு ஒரு நாள் கூலி.

அதற்குப் பிறகு எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். கையெழுத்தாகி எண் போட்ட சுற்றறிக்கை கையில் இல்லாமல் தேதியோ தொகையோ சொல்வதில்லை. சொல்லும்போது சுற்றறிக்கை எண்ணையும், அது எங்கள் இணையதளத்தில் இருக்கும் முகவரியையும் சேர்த்தே சொல்வேன். தெரியாவிட்டால், "நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்" என்று அன்றைக்கே எழுதிவிடுவேன். தவறாகச் சொல்லிவிட்டால் பழைய பதிலை அழிக்க மாட்டேன். அதற்குக் கீழேயே திருத்தம் போடுவேன். அழித்துவிட்டால், முதலில் படித்துவிட்டுப் போனவருக்குத் தேதி மாறியதே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, பதிவெண்ணும் பிறந்த தேதியும். "மேடம், என் ரிசல்ட் பார்த்துச் சொல்லுங்க" என்று இரண்டையும் குழுமத்திலேயே போட்டுவிடுவார்கள். அந்த இரண்டும் இருந்தால் எங்கள் தளத்தில் யாருடைய மதிப்பெண்ணையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பல இரவுகளில் என் முதல் வேலையே, அப்படிப் போட்டவர்களுக்கு "உடனே அழித்துவிடுங்கள்" என்று எழுதுவதாக இருந்தது. இன்றைக்கும் முகநூலில் கல்லூரிப் பக்கங்களின் கீழே மாணவர்கள் இதையே செய்கிறார்கள். பக்கத்தை நடத்துகிறவர்கள் தினமும் அதைத் தேடி மறைக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

செகண்ட் லைஃப் விஷயத்துக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003இல் தொடங்கிய மெய்நிகர் உலகம் அது, திரைக்குள் நமக்கென்று ஓர் உருவத்தை நடமாடவிட்டு மற்றவர்களோடு பேசலாம். எங்கள் வீட்டுக் கணினியில் முதலில் திறக்கவே இல்லை. அண்ணன் மகன் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இதுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும்" என்றான். போட்டோம். அந்த நிமிடமே ஒன்று புரிந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ரிசல்ட் பார்க்கும் மாணவருக்கு இந்த வாசல் திறக்காது. இயக்குநர் கேட்ட நோட்டின் முதல் வரியாக அதைத்தான் எழுதிவைத்தேன்.

உள்ளே போனால் பெயர் கேட்கும். முதல் பெயர் நம் விருப்பம். குடும்பப் பெயரை அப்போது அவர்கள் தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. உருவத்துக்குப் பெயர் அவதார். வார்த்தை நம்முடையது, அதனால் கொஞ்சம் சொந்தமாக இருந்தது. நடக்கவும் பறக்கவும் பழக்க ஒரு தீவு இருந்தது. அங்கே மூன்று இரவுகள் சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தேன். பக்கத்தில் நிற்பவருக்கு எழுதினால் இருபது மீட்டர் தொலைவுக்குள் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். கத்துவதற்குத் தனி வழி உண்டு, அது நூறு மீட்டர் வரை போகும்.

பிறகு பல்கலைக்கழகங்களைத் தேடிப் பறந்தேன். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், படிக்கட்டு அரங்கங்கள், திரைகள், வரிசையாக நாற்காலிகள். எதிலும் ஆள் இல்லை. மழையே பெய்யாத ஊரில் எல்லாவற்றுக்கும் கூரை போட்டிருந்தார்கள். கூரை தாழ்வாக இருந்தால் நம் தலைக்குப் பின்னால் இருந்து பார்க்கும் பார்வை அதில் இடித்து எதுவும் தெரியாமல் போகும். அதனால் அறைகளை மண்டபம்போல் உயரமாகக் கட்டியிருந்தார்கள். அந்த வெறும் மண்டபங்களில் நிற்கும்போது மனசு கனத்தது. ஹார்வர்ட் சட்டப் பள்ளி 2006இல் ஒரு பாடத்தையே இங்கே நடத்தியிருக்கிறது. அப்படி வகுப்பு நடந்த நேரத்தில் அந்த இடங்கள் உயிரோடு இருந்திருக்கும். வகுப்பு முடிந்த பிறகு கட்டடம் மட்டும்தான் நிற்கிறது.

ஒரே ஒரு இடம் வேறு மாதிரி இருந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில நூலக அமைப்பு ஒன்று 2006இல் தொடங்கிய இன்ஃபோ ஐலண்ட். அங்கே விசாரணை மேசையில் நூலகர்கள் தன்னார்வமாக முறை வைத்து உட்காருவார்கள். எனக்கு விடியற்காலை ஐந்தரை என்றால் அவர்களுடைய மேற்குக் கரையில் முந்தின நாள் மாலை ஐந்து. நான் போய் நின்றதும் மேசையில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். கேள்வியை எழுதினேன். அவருடைய கைகள் காற்றில் தட்டச்சு செய்வதுபோல் அசைந்தன. பதில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கை அசைகிறவரை நான் பொறுமையாக நின்றேன். கவுன்ட்டரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். கணினியைப் பார்த்தபடியே "கொஞ்சம் இருங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எதிரே நிற்பவருக்குத் தன் வேலைதான் நடக்கிறது என்று தெரிந்தால் போதும், எவ்வளவு நேரமும் நிற்பார் என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மறுநாளிலிருந்து கவுன்ட்டரில் நான் என்ன தேடுகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடினேன். "உங்க ரெண்டாம் வருஷ மார்க் பார்க்கிறேன், இன்னும் வரல, அடுத்த லிஸ்ட் பார்க்கிறேன்." வரிசையில் சத்தம் குறைந்தது.

ஆர்க்குட் குழுமத்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் இருந்தார். பி.காம்., கடைசி வருடம். விடுமுறை எடுத்து ஊருக்கு வந்து தேர்வு எழுதிவிட்டுப் போவார். அவருக்கும் செகண்ட் லைஃப் கணக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலை ஆறு, அவருக்கு எட்டரை. யாரும் வரக்கூடிய ஒரு பொதுத் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பேசினோம். ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் தாள் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு அவருடைய கைகள் அசையத் தொடங்கின, நின்றன, மறுபடியும் அசைந்தன. "மேடம், நம்ம கேம்பஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக எங்கள் மாணவர். வளாகத்தை அவர் பார்த்ததே இல்லை. நுழைவாயிலிலிருந்து நிர்வாகக் கட்டடம்வரை இருக்கும் வேப்பமரங்களை, சைக்கிள் நிறுத்தத்தை, மதியம் தயிர்சாதம் தீர்ந்துபோகும் கேன்டீனை எல்லாம் அவருக்கு எழுதினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு கேமராவைக் கடன் வாங்கி வளாகம் முழுவதையும் படம் எடுத்து ஆர்க்குட்டில் போட்டேன். பெரிய கட்டடங்களை மட்டும் எடுக்கவில்லை. எங்கள் கவுன்ட்டர், வரிசை நிற்கும் படி, விடைத்தாள் கட்டுகள் இறங்கும் ஷெட், நூலகத்தின் செய்தித்தாள் மேசை எல்லாவற்றையும் எடுத்தேன். சுற்றறிக்கை பற்றி நான் எழுதிய எதற்கும் வராத பதில்கள் அதற்கு வந்தன. பல ஊர்களிலிருந்து, "நான் படிக்கிற இடத்தை இப்பதான் பார்க்கிறேன்" என்று எழுதினார்கள். மெய்நிகர் உலகத்திடமிருந்து தொலைநிலைக் கல்வி எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று அன்று எனக்குப் பட்டது, இன்றும் அப்படியே நினைக்கிறேன். தொலைவில் படிப்பவருக்கும் தனக்கென்று ஒரு இடம் வேண்டும். அதைக் காட்ட கிராபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை.

2009 ஜனவரியில் இயக்குநருக்கு நோட் எழுதிக் கொடுத்தேன். செகண்ட் லைஃபில் கட்டடம் கட்ட எடுக்கும் ஒரு தீவுக்கு அப்போது மாத வாடகை 295 டாலர், கல்வி நிறுவனங்களுக்குப் பாதி. பாதி என்றாலும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல், தொடக்கக் கட்டணம் தனி. அதை எடுக்க வேண்டாம், அந்தப் பணத்தில் மாணவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு தற்காலிகப் பணியாளரைப் போடலாம் என்று எழுதினேன். கூகிள் 2008 ஜூலையில் லைவ்லி என்ற மெய்நிகர் உலகைத் திறந்து, அதே வருடம் டிசம்பர் 31இல் மூடிவிட்டதையும் சேர்த்தேன். கோப்பு எட்டு மாதம் சுற்றியது. பணியாளர் கிடைக்கவில்லை. ஆனால் நான் பதில் எழுதுவதற்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது. இந்த அனுமதி மிக முக்கியம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஆணை இல்லாமல் செய்தால், முதல் தவறிலேயே நீங்கள் தனியாக நிற்பீர்கள். கணக்கு யார் பெயரில், பதிலுக்கு யார் பொறுப்பு, நீங்கள் விடுப்பில் இருந்தால் யார் பார்ப்பார் என்ற மூன்றையும் கோப்பில் எழுதி வாங்குங்கள்.

தீவு வேண்டாம் என்று சொன்னதற்காக நான் பின்னால் வருந்தவில்லை. 2010 அக்டோபரில் லிண்டன் லேப் கல்விச் சலுகையை அடுத்த ஜனவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. பல பல்கலைக்கழகங்கள் கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு வெளியேறின. அதே வருடம் நிங் என்ற தளம் இலவசச் சேவையை நிறுத்தியது. எங்கள் வளாகத்தில் ஒரு துறையின் முன்னாள் மாணவர் வட்டம் அதில்தான் இருந்தது, அது அப்படியே கலைந்தது. 2014இல் ஆர்க்குட்டும் போயிற்று. ஜூன் 30இல் அறிவிப்பு, செப்டம்பர் 30இல் மூடல். மாணவர்கள் அதற்கு முன்பே முகநூலுக்குப் போய்விட்டதால் கூக்குரல் இல்லை. ஏழு வருடக் கேள்வி பதில்களில் எனக்குத் தேவையானவை நீள நோட்டில் இருந்தன. அதற்குள் அவற்றை எங்கள் இணையதளத்தில் "அடிக்கடி கேட்பவை" என்ற பக்கமாக ஏற்றியிருந்தேன். அதனால்தான் பிழைத்தன. கேள்வி எங்கே வந்தாலும் பதிலின் மூலப்பிரதி உங்கள் நிறுவனத்தின் சொந்த இடத்தில் இருக்கட்டும். மற்ற தளங்களில் அதற்கு வழி காட்டினால் போதும்.

முகநூல் காலத்தில் புதிதாகக் கற்றது குறைவு. வாட்ஸ்அப்தான் எனக்கு அதிகச் சிரமம் கொடுத்தது. குழுவில் சேர்ந்ததும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாணவிகளுக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு வந்தது, எனக்கு இரவு பதினொன்றுக்கு வந்தது. இரண்டு மாணவிகள் குழுவை விட்டு வெளியேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு டெலிகிராம் சேனலுக்கு மாறினோம். அங்கே உறுப்பினர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும், இதில் சேரும் ஒரு பெண்ணின் எண் யார் யாருக்குத் தெரியும் என்பதை முதலில் கேளுங்கள். மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம். அலுவலகத்துக்கென்று தனி சிம் வாங்கித் தரச் சொல்லுங்கள். சொந்த எண்ணைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

2020 ஆகஸ்டில், கொரோனா முடக்கத்தின்போது, மும்பை ஐ.ஐ.டி. பட்டமளிப்பு விழாவை மெய்நிகராக நடத்தியது. ஒவ்வொரு மாணவரின் அவதாரும் மேடையேறிப் பட்டம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பொம்மை விளையாட்டு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் தபாலில்தான் போகிறது. அவர்கள் யாரும் மேடையையே பார்த்ததில்லை.

சிங்கப்பூர் மாணவர் 2011இல் நேரில் வந்தார். பட்டச் சான்றைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பத்து மணிக்கு முன்பே வந்து அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டரைத் திறந்ததும் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்துப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், பார்த்தார். பிறகு, "மேடம், வர்ற வழியில வேப்பமரம் எண்ணினேன். நீங்க சொன்னதுல ஒண்ணு குறையுது" என்றார். முந்தின மழையில் ஒன்று விழுந்திருந்தது. விழுந்த இடத்தைக் காட்ட, கவுன்ட்டரைப் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர்களோடு வெளியே நடந்தேன்.